கடைசித் தட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம்

கேள்வி: திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் டெய்லர். சனிக்கிழமைதோறும் சம்பளம். ஆர்டர் குறைந்ததால் இப்போது வாரத்தில் நான்கு நாள்தான் வேலை. மகள் எட்டாவது, மகன் நான்காவது. இரண்டு பேரும் அரசுப் பள்ளி. மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது. சமையல் செலவு மட்டும் மாதம் 12,000 ரூபாய் ஆகிறது. 9,000-க்குள் முடிக்கச் சொல்கிறார் வீட்டுக்காரர். பருப்பையும் முட்டையையும் குறைத்துவிட்டேன். நான் எப்படியும் எல்லோரும் சாப்பிட்ட பிறகு இருப்பதைச் சாப்பிட்டுக்கொள்வேன். பிள்ளைகளுக்குச் சத்து குறையாமல் இன்னும் எதைக் குறைக்கலாம்? கொஞ்ச நாளாகத் தண்ணீர்க் குடம் தூக்கி வந்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது. அதற்கும் ஏதாவது சத்துமாவு சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, திருப்பூர்

ஊட்டச்சத்து ஆலோசகரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த கணக்குத் தாளை இரண்டு முறை படித்தேன். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பால், மளிகை, காய், கேஸ் என்று தனித்தனியாகக் கூட்டிப் போட்டிருக்கிறீர்கள். பரோட்டா பார்சலைக்கூட மறைக்கவில்லை. இவ்வளவு நேர்மையாகக் கணக்கு எழுதுகிறவருக்கு நானும் நேராகவே பதில் சொல்ல வேண்டும். 12,000 ரூபாயை 10,000-க்குப் பக்கத்தில் கொண்டுவர முடியும். 9,000-க்குக் கொண்டுவர வேண்டுமென்றால் யாராவது ஒருவர் தட்டில் கைவைக்க வேண்டியிருக்கும். அது யாருடைய தட்டு என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

அதனால் செலவுக்குப் போகும் முன் அந்த ஒரு வரியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். 'இருப்பதைச் சாப்பிட்டுக்கொள்வேன்.' மருத்துவமனையில் வேலை பார்த்த காலம் முழுக்க இதே வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் ஆண்கள் தோசை, சப்பாத்தி என்று பெயர் சொல்வார்கள். பெண்கள் "இருந்ததைச் சாப்பிட்டேன்" என்பார்கள். ஒரு முறை தையல் வேலை செய்கிற ஒரு பெண்ணை ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு என்னிடம் அனுப்பினார்கள். ஹீமோகுளோபின் 7.2 தான், ரொம்பக் குறைவு. வாரம் தவறாமல் வீட்டில் மீன் எடுப்பதாகச் சொன்னார். எத்தனை துண்டு சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "குழம்புச் சட்டியில சோத்தப் போட்டுப் பெசஞ்சு சாப்பிடுவேங்க, அதுலதான் ருசி எல்லாம் எறங்கியிருக்கும்" என்றார். மீன் வாங்கியதும் கழுவியதும் குழம்பு வைத்ததும் அவர்தான். ஒரு துண்டு அவர் தட்டுக்கு வரவில்லை, அது வரவில்லை என்பதே அவருக்குத் தெரியவில்லை.

நீங்கள் எழுதியிருக்கிற உங்கள் ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் டீ, அப்புறம் மூன்று இட்லி, மதியம் ரசம் சோறு, பொரியல், மாலையில் ஒரு டீ, ராத்திரி மிச்சச் சோற்றில் மோர். இதில் புரதம் சுமார் 30 கிராம்தான் தேறும். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 40 கிராமுக்கு மேல் ஆகிறது. இரும்புச்சத்து ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் தேவை. உங்கள் தட்டில் அதில் பாதியாவது இருக்குமா என்பது சந்தேகம். குடம் தூக்கினால் மூச்சு வாங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம், அதனால் டாக்டரைப் பார்க்காமல் சத்துமாவு வாங்கிக் குடித்து நாளைக் கடத்தாதீர்கள். பக்கத்தில் இருக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். இந்த வாரமே போய்வாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொன்னது. உங்களுக்கு மட்டும் வந்த குறையாக நினைத்துக் கூச்சப்பட வேண்டாம்.

சரி, செலவுக்கு வருவோம்.

நீங்கள் முதலில் குறைத்தது பருப்பையும் முட்டையையும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், ஏனென்றால் அவை கண்ணுக்குத் தெரிகிற செலவு. ஆனால் உங்கள் தாளில் மாலைத் தீனி 900 ரூபாய் என்று இருக்கிறது. தினம் 30 ரூபாய்க்கு பிஸ்கட், பாக்கெட் சிப்ஸ். கிலோ கணக்கில் பார்த்தால் அந்தச் சிப்ஸ்தான் உங்கள் வீட்டில் இருப்பதிலேயே விலை அதிகமான சாப்பாடு. அந்த இடத்தில் வேர்க்கடலை அவித்தது, தட்டைப்பயறு சுண்டல், பொட்டுக்கடலையும் வெல்லமும், அவல் நனைத்து வெல்லம் தேங்காய் போட்டது என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். 400 ரூபாய்க்குள் முடியும். 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம் அளவுக்குப் புரதம். பொட்டுக்கடலையும் தட்டைப்பயறும் அதற்குக் கொஞ்சம்தான் குறைவு. முதல் வாரம் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நல்ல பசி இருக்கும். அந்த நேரத்தில் சுண்டல் சூடாக இருந்தால் சாப்பிடுவார்கள், ஆறி அவலாகி இருந்தால் சாப்பிட மாட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது பாலில் கலக்கிக் கொடுக்கும் பாக்கெட் பவுடர், மாதம் 560 ரூபாய். இதில் பெரும்பகுதி சர்க்கரையும் மால்ட்டும்தான். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணைய விற்பனைத் தளங்கள் இப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் ட்ரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. தாய்மார்கள் தங்கள் சாப்பாட்டைக் குறைத்து இந்த டப்பாவை வாங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அரை கிலோ ராகி, கால் கிலோ பச்சைப்பயறு, கால் கிலோ பொட்டுக்கடலை, 100 கிராம் வேர்க்கடலை. ராகியையும் பயறையும் வாசம் வரும் வரை தனித்தனியாக வறுத்து, எல்லாவற்றையும் சேர்த்து மில்லில் அரைத்து வையுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் மாவு கிடைக்கும். ராகியில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, பாலில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. மகளுக்கு எலும்பு வளர்கிற வயது, கட்டாயம் கொடுங்கள். மாமியாருக்கு மட்டும் ராகியைக் கஞ்சியாகக் கொடுக்க வேண்டாம், சர்க்கரை சட்டென்று ஏறும். களியாகக் கிண்டி, கீரைக் குழம்போடு அளவாகக் கொடுங்கள்.

அரசு கொடுத்த கிரைண்டர் பரணில் கிடக்கிறது என்று எழுதிவிட்டு, பாக்கெட் மாவுக்கு 600 ரூபாய் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை இறக்குங்கள். ரேஷன் புழுங்கல் அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு ஸ்பூன் வெந்தயம் போதும். ரேஷன் அரிசியை நாலைந்து தண்ணீர் கழுவி, கடைசித் தண்ணீர் தெளிவாக வரும் வரை விடாமல் கழுவினால் அந்த வாடை இருக்காது. ஒரு முறை அரைத்தால் முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, மூன்றாம் நாள் புளித்த மாவில் வெங்காயம் போட்டுப் பணியாரம். உளுந்துக்கும் கரண்டுக்கும் போக 400 ரூபாய் கையில் நிற்கும்.

ரேஷன் துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது, அதனால் வாங்குவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கார்டுக்கு ஒரு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைப்பதை விடலாமா? பருப்பு பழசாகிவிட்டால் வேக நேரம் எடுக்கும், சத்து எங்கும் போய்விடாது. வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துவிட்டு, துளி எண்ணெயும் மஞ்சளும் போட்டு குக்கரில் வையுங்கள். உப்பும் புளியும் வெந்த பிறகுதான்.

பருப்பு விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். கொங்கு நாட்டில் வாழ்கிறீர்கள். அரிசிம்பருப்புச் சோற்றைவிட மலிவான, அதைவிட நல்ல ஒரு வேளைச் சாப்பாட்டை நான் இதுவரை பார்க்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் பருப்புதான் போடுகிறார்கள். நீங்கள் அரை டம்ளர் போடுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, ஒரு தக்காளி எல்லாவற்றையும் வதக்கி, அரிசியையும் பருப்பையும் போட்டு, நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடினால் ஒரே குக்கர், ஒரே அடுப்பு, அரை மணி நேரம். அரிசிப் புரதத்தில் எது குறைவோ அது பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் தரமான புரதம். தக்காளி விலை ஏறும் நாட்களில் கொஞ்சம் புளித்தண்ணீர் விட்டாலே போதும்.

கொள்ளும் அப்படித்தான். ராத்திரி ஒரு டம்ளர் கொள்ளை ஊறப்போடுங்கள். காலையில் வேகவைத்து, தண்ணீரை வடித்து ரசம் வையுங்கள். வெந்த கொள்ளோடு வரமிளகாய், கொத்தமல்லி விதை, சீரகம், பூண்டு வைத்து ஆட்டினால் கொள்ளுப் பருப்பு. ஐந்து பேருக்கு ஒரு வேளைக்குப் போதும். உங்கள் மாமியாருக்கும் நல்லது. இதை அவரிடமே கேட்டுச் செய்யுங்கள் என்பேன். 'நாங்க எல்லாம் எவ்வளவு சிக்கனமா குடும்பம் நடத்தினோம்' என்று அவர் சொல்வது குத்தலாகப் படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தான் செய்யும். ஆனால் பீர்க்கங்காய்த் தோல் துவையல், முள்ளங்கிக் கீரைப் பொரியல், வாழைத்தண்டுக் கூட்டு, புடலங்காய்க் குடலில் சட்னி என்று காயை முழுசாகப் பயன்படுத்தும் கைப்பக்குவம் அவர் தலைமுறையிடம்தான் இருக்கிறது. "அத்தை, அந்தக் கொள்ளுப் பருப்பை இன்னைக்கு நீங்க பதம் பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். உட்கார்ந்தபடியே கீரை ஆய்வதையும் சின்ன வெங்காயம் உரிப்பதையும் அவரிடம் கொடுங்கள். உங்களுக்குக் காலையில் முக்கால் மணி நேரம் மிச்சமாகும். கீரை ஆய நேரமில்லாமல்தானே வாரம் ஒரு முறையோடு நிறுத்திவிடுகிறீர்கள்?

பள்ளிச் சாப்பாடு பற்றியும் அவரிடம் பேச வேண்டியிருக்கிறது. 'சத்துணவு சாப்பிடுகிற நிலைமையா நமக்கு' என்று சொல்லி, பேரனைப் பள்ளியில் சாப்பிட விடுவதில்லை என்கிறீர்கள். அவருடைய மனசு எனக்குப் புரிகிறது. அவர் காலத்தில் அது இல்லாதவர்களின் அடையாளமாக இருந்தது. ஆனால் 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்து 40 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அதில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இன்று டாக்டர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். இப்போது பள்ளி நாட்களில் முட்டை உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை காலை டிபனும் உண்டு. உங்கள் மகன் நான்காவது. அவன் இரண்டு வேளையும், மகள் மதியமும் அங்கே சாப்பிட்டால், காலையில் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டும் வேலை குறையும். பணத்தைவிட முக்கியமாக, அந்த நேரத்தில் நீங்கள் உட்கார்ந்து சாப்பிடலாம்.

பரோட்டா பார்சல், மாதம் 1,600. இதை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். சம்பள நாளன்று அப்பா கையில் பையோடு வருவதற்காகப் பிள்ளைகள் வாசலில் காத்திருப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை குறைந்த மாதத்தில் அவருக்கும் அது ஒரு சந்தோஷம்தான். ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வாங்கட்டும். நடுவில் வரும் சனிக்கிழமை வீட்டில் முட்டைத் தோசை, பொடித் தோசை என்று அன்றைக்கு மட்டும் உள்ள ஒன்றாகச் செய்யுங்கள். அவரையே கல்லில் ஊற்றச் சொல்லுங்கள். ஆண்கள் தோசைக்கல் முன்னால் நின்றால் பிள்ளைகள் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் ஐந்து லிட்டர் அதிகம். ஐந்து பேருக்கு மூன்றரை லிட்டர் தாராளம். குறைக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: மாதத்துக்கு உரியதை ஒரு தூக்கில் தனியாக ஊற்றி வைத்து, கேனைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். வாணலியில் நேராகச் சாய்க்காமல் ஸ்பூனால் ஊற்றுங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது சிக்கனம் ஆகாது. கொஞ்சமாக ஊற்றிப் பொரித்து, மிஞ்சியதை வடிகட்டி இரண்டு நாளில் தாளிப்புக்குச் செலவழித்துவிடுங்கள்.

கேஸ் 28 நாளில் தீர்வது ஐந்து பேர் வீட்டில் பெரிய குற்றம் இல்லை. குக்கர் அடுக்கில் சோறு, பருப்பு, காய் மூன்றையும் ஒன்றாக வைப்பது, கொதி வந்ததும் தீயைக் குறைப்பது, மூடி போட்டுச் சமைப்பது ஆகியவற்றால் நாலைந்து நாள் கூட வரும். டீயைச் சுடவைத்துக்கொண்டே இருப்பதுதான் கேஸை நிறையக் குடிக்கிறது. ஒரு சின்ன பிளாஸ்க் இருந்தால் அதில் ஊற்றி வையுங்கள்.

வாரச் சம்பளத்தில் ஒரு சங்கடம் உண்டு. கையில் மொத்தமாகப் பணம் இல்லாததால் எல்லாவற்றையும் 100 கிராம், 200 கிராமாக வாங்குகிறீர்கள், ஒவ்வொரு முறையும் பாக்கெட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். வாரம் ஒரு சாமானை மட்டும் மாதத்துக்கு வேண்டிய அளவில் வாங்கிப் பாருங்கள். முதல் சனிக்கிழமை பருப்பு பயறு வகை, அடுத்தது எண்ணெய், மூன்றாவது மிளகாய், மல்லி, புளி, கடைசியில் சோப்பு சாமான்கள். மற்றவற்றை அந்த வாரம் வழக்கம்போலச் சில்லறையாக வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் சுற்றினால் வீட்டில் எல்லாமே மாத அளவில் இருக்கும். காய்க்கு உழவர் சந்தைக்குப் போகிறவர்கள் மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போனால் விலை இறங்கியிருக்கும். கீரையை மட்டும் காலையிலேயே வாங்கிவிடுங்கள், வெயிலில் வாடிவிடும்.

பாலைக் குறைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக் கோழியும் இருக்கட்டும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பார்சலில் 800, தீனியில் 500, மாவில் 400, பவுடரில் 400, எண்ணெயில் 200, பருப்பில் 100. 2,400 ரூபாய் வருகிறது. இதில் 360 ரூபாயைத் திரும்ப எடுத்து, மாதம் இரண்டு அட்டை முட்டை வாங்குங்கள், 60 முட்டை. தினம் ஒன்று உங்களுக்கு, ஒன்று மகளுக்கு. வயதுக்கு வந்த பெண், அவளுக்கும் மாதாமாதம் ரத்தம் போகிறது. அவளுடைய பங்கை யாருக்கும் விட்டுக்கொடுக்கச் சொல்லி இப்போதே பழக்காதீர்கள். நீங்கள் செய்வதைப் பார்த்துத்தான் அவள் கற்றுக்கொள்வாள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். அதோடு ஒரு கைப்பிடி சுண்டலும் சேர்ந்தால் உங்கள் 30 கிராம் 40-ஐத் தாண்டிவிடும். மீதி 2,000 ரூபாய்ச் சொச்சத்தை வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். இந்தத் தாளையும் காட்டுங்கள். 9,000 ஏன் முடியாது என்று அவருக்கும் புரியும். வேலை குறைந்த கவலையில் ஒரு எண்ணைச் சொல்லியிருக்கிறாரே தவிர, நீங்கள் பட்டினி கிடக்க வேண்டும் என்று சொல்லியிருக்க மாட்டார்.

கடைசியாக ஒன்று. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை எடுக்கும் பழக்கத்தை ஒரே நாளில் மாற்றச் சொன்னால் உங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும். அதனால் வேறு வழி சொல்கிறேன். சமையல் முடிந்து அடுப்பை அணைத்ததும், பரிமாறும் முன்பே, மூடி போட்ட ஒரு டப்பாவில் உங்கள் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். பொரியல், கெட்டிப் பருப்பு, முட்டை, ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு துண்டு கறி. எல்லோருக்கும் எடுத்து வைப்பது போல உங்களுக்கும் எடுத்து வைக்கிறீர்கள், வேறொன்றும் இல்லை. யாராவது இரண்டாம் முறை கேட்டால் சட்டியில் இருப்பதைக் கொடுங்கள், டப்பாவைத் திறக்காதீர்கள். முருங்கைக்கீரை சமைக்கும் நாளில் சோற்றில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள், கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், அது சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள். சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்து டப்பாவில் வைத்துவிடாமல் சாப்பிடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்த வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று அங்கிருக்கும் நர்ஸிடம் கேளுங்கள். மகளுக்குப் பள்ளியில் வாரம் ஒரு நாள் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். அவள் அதை விழுங்குகிறாளா, ஜன்னல் வழியாகப் போடுகிறாளா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.